ரேடியம் இல்லாத ரேடியம்

எங்கள் ஊரில் பளிச்சென்று கண்ணைப் பறிக்கும் பொருள் எதுவாயினும் அதற்கு ‘ரேடியம்’ என்றே பெயர். லாரியின் பின்புறம் ஒட்டிய சிவப்பு வெள்ளைப் பட்டை ரேடியம். காதணி விழாச் சுவரொட்டியில் தாய்மாமன்மார் பெயரைத் தாங்கி நிற்கும் கிளிப்பச்சை எழுத்து ரேடியம். விளக்கை அணைத்த பிறகும் சுவரில் மினுமினுக்கும் நட்சத்திரப் பொம்மையும் ரேடியம். பேருந்து நிலையத்தின் பின்புறத்தில் வண்டிகளுக்கு எழுத்து வெட்டி ஒட்டுகிற கடைக்காரர்கள் தங்கள் பெயர்ப் பலகையிலேயே ‘ரேடியம் ஒர்க்ஸ்’ என்று போட்டுக்கொள்கிறார்கள்.

இவற்றுள் ஒன்றிலாவது ரேடியம் இல்லை. 1898-ஆம் ஆண்டு கியூரி தம்பதியர் கண்டறிந்த அந்தத் தனிமத்தைத் துத்தநாக சல்பைடுடன் கலந்து கடிகார எண்களுக்குப் பூசிய காலம் ஒன்று இருந்தது உண்மையே. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1917 முதல் அந்தப் பூச்சு வேலை செய்த இளம்பெண்கள், தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக் கூராக்கி எழுதினர். தாடை எலும்பு அரித்துப் பலர் மாண்டனர். அந்தப் பூச்சைக் கைவிட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. பொருள் போய்விட்டது, பெயர் மட்டும் நம் நாவில் தங்கிவிட்டது.

பெயரில் என்ன இருக்கிறது, ஊரார் எப்படிச் சொன்னால் என்ன என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் அவ்வாறே கேட்டிருப்பேன், என் அம்மா தூய்மைப் பணியாளராக இல்லாதிருந்தால். ஒப்பந்த வேலை. விடியற்காலை நான்கரை மணிக்குத் துடைப்பத்தோடு புறப்படுவார். சேலைக்கு மேல் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கோட்டு. அதில் வெள்ளி நிறத்தில் இரண்டு பட்டைகள். ‘ரேடியம் கோட்டு’ என்றுதான் அதற்கும் பெயர்.

சென்ற கார்த்திகையில் ஒரு நாள், ஐந்தேகால் மணி இருக்கும். அம்மாவோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் கடைவீதியில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தபோது பால்வண்டி ஒன்று இடித்துத் தள்ளிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஓட்டியவர் குடித்திருக்கவில்லை, வேகமாகவும் வரவில்லை என்றே அங்கு நின்ற டீக்கடைக்காரர் சொன்னார். “ஆள் இருந்ததே தெரியலைங்க” என்று அந்த மனிதர் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டு நின்றாராம். கூட்டம் அதை நம்பவில்லை. “ரேடியம் கோட்டு போட்டவளத் தெரியலையாம்ல! பொய் சொல்றான் பாரு” என்று சினந்தது. அன்று மாலை அம்மா அதைச் சொல்லிவிட்டுத் தன் கோட்டைக் கொடியில் உதறிப் போட்டார். இருவருக்கும் ஒரே நாளில் கொடுத்த கோட்டுகள் அவை. எனக்கோ, அந்தப் பால்வண்டிக்காரர் உண்மைதான் சொல்லியிருப்பாரோ என்ற ஐயம் பிடித்துக்கொண்டது.

அந்த ஐயத்துக்குக் காரணம் என் மாமா. அவர் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறார். கல்லூரி விட்டதும் இரண்டு மணி நேரம் அங்கே உதவிக்குப் போவேன். அட்டைகளைத் தாங்கியில் அடுக்கிக் காய வைப்பது என் வேலை. மாமா பத்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் அவர் கையில் இருக்கும் வேதியியலை நான் மூன்றாம் ஆண்டில்தான் புத்தகத்தில் கண்டேன். புளோரசென்ட் இங்க் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அவர் சில விதிகளைச் சொல்லுவார். “வெள்ளைக்கு மேல அடி, இல்லாட்டி அடிக்காத.” “மெஷ் நெருக்கமா இருந்தா இது இறங்காது, கனமா விழணும்.” “கறுப்பு தொட்ட ஸ்க்வீஜியை இதுல வைக்காத, செத்துப்போகும்.” வாடிக்கையாளர் எவரேனும் கடைப் பெயர்ப் பலகையை அந்த மையில் கேட்டால், “வெயில்ல நிக்கிற பலகைக்கு நான் ஜவாப்தாரி இல்லீங்க” என்று முன்பணம் வாங்குமுன்பே சொல்லிவிடுவார். இதனால் கைநழுவிப் போன வேலைகள் உண்டு.

மாமாவின் விதிகளுக்குக் காரணம் தேடினால் ஒளியின் வரவு செலவுக் கணக்கில் போய் நிற்கும். சாதாரணச் செம்மஞ்சள் பெயிண்ட் இருக்கிறது. அதன்மேல் வெள்ளொளி விழுந்தால் நீலத்தையும் பச்சையின் பெரும்பகுதியையும் விழுங்கி, வெப்பமாக்கிக் கரைத்துவிடும். தன் பங்குக்கு வந்த செம்மஞ்சளை மட்டும் திருப்பி அனுப்பும். எவ்வளவு நல்ல பெயிண்டானாலும், வந்த செம்மஞ்சளுக்கு மேல் ஓர் இம்மியும் அதனால் தர இயலாது. ஒளிர் நிறமி அப்படியன்று. அது நீலத்தையும் பச்சையையும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் விழுங்கி, அதில் ஒரு பகுதியைச் செம்மஞ்சளாக மாற்றி வெளியே விடுகிறது. சில்லறை மாற்றிக் கொடுக்கும் செட்டியார் போல. கொஞ்சம் கழிவு பிடித்துக்கொள்வார், அது வெப்பமாகப் போகிறது. மீதியை மாற்றிய நாணயமாகத் தந்துவிடுவார். எனவே வந்த செம்மஞ்சளோடு மாற்றிய செம்மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்கு வருகிறது. அந்த அலைநீளத்தில் அளந்தால் விழுந்த ஒளியைவிடத் திரும்பும் ஒளி மிகுதி. நூற்றுக்கு நூறைத் தாண்டிவிடும். காகிதத்தை விட்டு எழுத்து எழுந்து நிற்பதுபோல் நமக்குத் தோன்றுவது இதனால்தான்.

செட்டியார் கடைக்குக் கறுப்பு வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? மாற்ற வந்த நாணயத்தையும் அது பிடுங்கும். மாற்றிய நாணயத்தையும் பிடுங்கும். மாமா “செத்துப்போகும்” என்றது இதைத்தான். வெள்ளை அடிப்பரப்பு வேண்டுவதும் அப்படியே: இந்த நிறமி பெரும்பாலும் ஒளி ஊடுருவும் பொருள், அடியை மறைக்காது, ஊடுருவிச் சென்ற ஒளியை வெள்ளை திருப்பி அனுப்பினால் நிறமிக்கு இரண்டாம் முறை விழுங்க வாய்ப்புக் கிடைக்கும்.

வேதியியல் மாணவர்களுக்கு இது புதிதன்று என்று சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு கரிம ஆய்வில் தாலிக் அன்ஹைட்ரைடையும் ரிசார்சினாலையும் சில துளி அடர் கந்தக அமிலத்துடன் சூடாக்கி, ஆறவைத்து, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊற்றியிருக்கிறோம் அல்லவா? முகவை முழுவதும் மஞ்சளும் பச்சையுமாய் ஒளி பரவும். பதிவேட்டில் ‘பச்சை நிற ஒளிர்வு’ என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு, கரைசலைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்துவிட்டோம். நாம் கொட்டியது புளோரசீன். 1871-இல் அடால்ஃப் வான் பேயர் முதன்முதலாக ஆக்கிய அதே பொருள். அதற்கும் முன்பு, 1852-இல், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்ஸ் கொயினா மருந்துக் கரைசலைச் சூரிய நிறமாலையில் நகர்த்திப் பார்த்தார். ஊதாவுக்கு அப்பால், கண்ணுக்கு எந்த ஒளியும் தெரியாத இடத்தில், கரைசல் நீலமாய் ஒளிர்ந்தது. உட்கொள்ளும் ஒளியைவிட வெளிவிடும் ஒளியின் அலைநீளம் மிகுதி என்று கண்டவர் அவர். புளூர்ஸ்பார் என்னும் கனிமத்தின் பெயரைக்கொண்டு இதற்குப் புளோரசென்ஸ் என்று பெயரிட்டவரும் அவரே. நம் பாடநூல்கள் இதனை உடனொளிர்தல் என்கின்றன. அந்த ‘உடன்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். ஒளி விழும்போதே ஒளிரும். ஒளி நின்றால் உடனே நிற்கும்.

சுவரில் ஒட்டிய நட்சத்திரப் பொம்மை வேறு சாதி. அது பகலில் வாங்கிய ஒளியைச் சேர்த்து வைத்து இருட்டில் மெல்ல மெல்லச் செலவழிக்கிறது; அது நின்றொளிர்தல். லாரியின் பட்டை இன்னும் வேறு. அதற்குத் தன்னொளியும் இல்லை, சேமிப்பும் இல்லை. நுண்ணிய கண்ணாடி மணிகளோ, பட்டகங்களோ பதித்த பரப்பு அது; விளக்கிலிருந்து வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும், அவ்வளவே. ஊர் இம்மூன்றையும் ஒரே பெயரால் அழைக்கிறது. ஒன்றின் குணம் மற்றொன்றுக்கும் உண்டு என்று நம்பிவிடுகிறது. கோட்டின் செம்மஞ்சள் துணி இருட்டில் தானே ஒளிவிடும் என்று அம்மா மட்டுமல்லர், அதைக் கொடுத்த மேற்பார்வையாளரும் நம்பியிருந்தார்.

இந்த ஒளிர் வண்ணங்கள் உலகுக்கு வந்த வழியும் ஓர் இருட்டறையின் வழிதான். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ராபர்ட் சுவிட்சர் என்ற இளைஞர், மருத்துவராகும் கனவோடு இருந்தவர், 1933-இல் வேலையிடத்தில் விழுந்து தலையில் பலத்த அடிபட்டார். பார்வை கெட்டது. இருண்ட அறையில் தங்கியிருக்கச் சொன்னார்கள். அவருடைய தம்பி ஜோசப் வேதியியல் மாணவர். மேடையில் மாயாஜாலமும் செய்பவர். இருவரும் புற ஊதா விளக்கொன்றை எடுத்துக்கொண்டு தந்தையின் மருந்துக்கடைச் சரக்கறையில் புட்டிகளின் நடுவே சுற்றினார்கள். எவையெவை இருட்டில் ஒளிர்கின்றன என்று பார்த்து, அவற்றை அரக்கில் கலந்து பெயிண்டாக்கினார்கள். முதலில் அது தம்பியின் மாயாஜாலக் காட்சிக்கே பயன்பட்டது. பிறகு ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகருக்குச் சென்று திரைப்பட விளம்பரங்களுக்கு மை செய்தனர். புற ஊதா விளக்கு இல்லாமல் பட்டப்பகலிலேயே சுடர்விடும் வண்ணம் கைகூடியதும் அதற்கு மதிப்புப் பன்மடங்காயிற்று. இரண்டாம் உலகப் போரில் தரையில் இருக்கும் படையினர் தாங்கள் யார் என்று தம் விமானங்களுக்குக் காட்ட இந்த வண்ணத் துணிகளைத்தான் விரித்தனர். 1959-இல் டைட் சலவைத்தூள் பெட்டி இந்த மையில் அச்சாகிக் கடைகளுக்கு வந்தது. ‘டே-குளோ’ என்ற அவர்களுடைய வண்ணங்களை 2012-இல் அமெரிக்க வேதியியல் கழகம் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. கண்ணொளி குன்றியவர் உலகுக்குப் பளிச்சிடும் நிறம் தந்தார் என்பது கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் என்னை ஈர்ப்பது வேறு. பெயிண்ட் என்றால் அதற்கு ஒரு நிறமி வேண்டும். ஒளிரும் சாயத்தை நிறமி ஆக்குவது எப்படி?

நம் ஆய்வகத்தில் ரோடமைன்-பி புட்டி ஒன்று இருக்கிறது. திறந்து பார்த்தால் பச்சை கலந்த கருநிறப் பொடி, ஒளிர்வு ஏதுமில்லை. ஒரு கடுகளவை நீரில் விட்டால் இளஞ்சிவப்பாய்க் கரைந்து செம்மஞ்சள் ஒளி வீசும். கூட்டமாக நெருங்கி நிற்கும்போது மூலக்கூறுகள் ஒன்றின் ஒளியை மற்றொன்று தின்றுவிடுகின்றன. தள்ளித் தள்ளி நிற்கும்போதுதான் ஒளிர்கின்றன. ஆகவே கரைசலாகவும் இருக்க வேண்டும், பொடியாகவும் இருக்க வேண்டும். இந்த முரணுக்குக் கண்ட விடை எளியது. டொலுவீன் சல்ஃபோனமைடு, மெலமின், ஃபார்மால்டிஹைடு ஆகியவற்றால் ஆன பிசினைச் சூட்டில் உருக்கி, அதில் சாயத்தைச் சிறு அளவில் கரைத்து, ஆறவிட்டு, கண்ணாடிபோல் உடையும் கட்டியை அரைத்துத் தூளாக்குகிறார்கள். அஃதாவது ஒளிர் நிறமி என்பது சாயம் கரைந்த பிசினின் தூள், உறைந்த கரைசல். ஒவ்வொரு துகளும் சில மைக்ரான் இருக்கும். ஏனைய கரிம நிறமித் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஆகையால்தான் மாமாவின் நெருக்கமான மெஷ்ஷில் இது இறங்குவதில்லை. ஓரிரு மைக்ரான் கனமே படியும் ஆப்செட் அச்சில் ஒரே ஓட்டத்தில் போதிய பொலிவும் வருவதில்லை. சிவகாசியிலிருந்து வரும் நாட்காட்டிகளைவிட மாமாவின் சுவரொட்டி கண்ணைக் கூசச் செய்வதன் இரகசியம், அவருடைய மை பன்மடங்கு கனமாய்ப் படிவதில் இருக்கிறது.

ரோடமைன்-பி என்ற பெயர் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? பஞ்சுமிட்டாயில் இருந்தது என்று 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும், அடுத்துத் தமிழ்நாடும் தடைவிதித்தனவே, அதே சாயம்தான். பிசினுக்குள் பூட்டியிருந்தால் பந்து, குடம், சுவரொட்டி. பூட்டின்றித் திருவிழாக் கடையில் சர்க்கரையோடு சேர்ந்தால் நஞ்சு.

பிளாஸ்டிக்கில் இந்த நிறமி படும் பாட்டைப் பெரியப்பா மகன் வாயிலாக அறிந்தேன். அவர் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பட்டறையில் ஆபரேட்டர்; சாலையில் வைக்கும் செம்மஞ்சள் கூம்புகளும், வாளிகளும் அங்கே தயாராகின்றன. “மத்த கலர்னா மிஷின் பாட்டுக்கு ஓடும். இது மட்டும் கூடவே நிக்கணும்மா” என்றார். பழைய வகை நிறமியின் பிசின் ஏறத்தாழ 200 பாகை செல்சியசுக்கு மேல் தாங்காது. சூடு ஏறினால் ஃபார்மால்டிஹைடு நெடி மூக்கில் ஏறும், கண் எரியும், நிறம் பழுப்படிக்கும். இயந்திரத்துத் திருகிலும் டையிலும் பசைபோல் படிந்துவிடும். நிறுத்திச் சுரண்ட வேண்டும். பேரலுக்குள் உருகிய சரக்கு நெடுநேரம் நின்றாலும் கெட்டது. ஆகையால் உணவு இடைவேளைக்குப் போகுமுன் பேரலைக் காலி செய்துவிட்டுத்தான் போவாராம். ஃபார்மால்டிஹைடு சேராத பாலியெஸ்டர், பாலியமைடு பிசின்களால் ஆன நிறமிகள் பின்னர் வந்துள்ளன. அவை சூடும் கூடுதலாகத் தாங்கும், படிவும் குறைவு. விலை கூடுதல் என்பதால் முதலாளி பழையதையே வாங்குகிறார் என்று சொல்லிச் சிரித்தார். நெடியை முகர்வது முதலாளி அல்லவே.

இனி வெயிலுக்கு வருவோம். ஒளியை விழுங்கி ஒளியை விடும் மூலக்கூறு ஒவ்வொரு முறையும் ஒரு கிளர்ச்சி நிலைக்கு ஏறி இறங்குகிறது. ஏறி நிற்கும் அந்தக் கண நேரத்தில் உயிர்வளியோடோ, நீரோடோ வினைபுரிந்து சிதைந்துபோக இடமுண்டு. கோடிக்கணக்கான முறை ஏறி இறங்கினால் ஒரு முறை தவறாதா? இரும்பு ஆக்சைடு பூசிய காவிச் சுவர் தலைமுறை கடந்தும் காவியாகவே நிற்கும். ஒளிர் வண்ணம் நம் ஊர் வெயிலில் சில மாதங்களில் வெளுக்கிறது. 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பயிற்சி விமானங்களுக்கு வானில் மோதிக்கொள்ளாதிருக்க இந்தச் செம்மஞ்சளை அடித்தார்கள். வெளுப்பதும் மீண்டும் அடிப்பதும் தாங்க முடியாமல் போயிற்று. மேலே புற ஊதாவைத் தடுக்கும் நிறமற்ற பூச்சு ஒன்றைப் பூசினால் ஆயுள் நீளும். கண்ணுக்குத் தெரியும் நீலமும் பச்சையுமே போதிய அளவு கிளர்ச்சி தருவதால் பொலிவு அதிகம் குறையாது. அவ்வாறு பூசினாலும் ஆயுள் நீளுமேயன்றி நிலைக்காது. மாமா பலகைக்கு ஜவாப்தாரி ஏற்காதது வெறும் பிடிவாதமன்று.

கோட்டில் இருப்பது அரைத்த நிறமியன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் சாயம் நேரே பாலியெஸ்டர் நூலுக்குள் கரைந்து நிற்கிறது. நூலே பிசினின் வேலையைச் செய்கிறது. வெளுக்கும் விதம் அதே விதம்தான். அம்மாவின் கோட்டுக்கு வெயில் மட்டுமா பகை? சாக்கடை ஓரம் தூவும் பிளீச்சிங் பவுடர் கையிலும் துணியிலும் படிகிறது. வீட்டுக்கு வந்ததும் அதைச் சோடா உப்பில் ஊறவைத்துத் துவைகல்லில் அடித்துத் துவைக்கிறார். வெள்ளிப் பட்டையின் மேலிருக்கும் கண்ணாடி மணிகள் அந்தக் கல்லிலேயே உதிர்கின்றன.

ஒரு சனிக்கிழமை, பேராசிரியரிடம் அனுமதி பெற்று, அந்தக் கோட்டை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். மெல்லடுக்குத் தகடுகளைப் பார்க்கும் புற ஊதாப் பெட்டிக்குள் அதன் தோள்பட்டையை வைத்தோம். மங்கிய ஒரு மினுமினுப்பு. பிறகு கழுத்துப் பட்டையின் மடிப்பைப் பிரித்து, தையலுக்குள் வெயில் படாமல் இருந்த விரற்கடை அகலத் துணியை வைத்தோம். தணல் போல் எரிந்தது. உடன் நின்ற தோழியர் “அடியே!” என்றார்கள். எட்டு மாதம் உடுத்திய கோட்டு அது. உயர்புலப்பாட்டு உடைகளுக்கான பன்னாட்டுத் தரம், ஐ.எஸ்.ஓ. 20471, துணியைச் செயற்கை வெயிலில் காய்ச்சிய பிறகும் நிறம் குறிப்பிட்ட எல்லைக்குள் நிற்க வேண்டும் என்கிறது. துவைப்புக்குப் பின் பட்டை எவ்வளவு ஒளியைத் திருப்ப வேண்டும் என்றும் வரையறை செய்கிறது. எங்கள் கோட்டில் எந்தத் தர எண்ணும் இல்லை. ‘எக்ஸ் எல்’ என்று மட்டும் இருந்தது; அம்மாவோ ஒல்லி.

அதைவிட முக்கியமான சோதனையைத் தெருவில் செய்தோம். அதற்குப் புற ஊதாப் பெட்டி வேண்டியதில்லை. பெரியப்பா மகனின் டி.வி.எஸ். 50 போதும். விடிவதற்கு முன் தெருமுனையில் வண்டியை நிறுத்தி முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அவர் பார்க்க வேண்டும். நான் மாமா கடையிலிருந்து கொண்டுவந்த, பிரிக்காத புத்தம் புதுக் கோட்டொன்றை அணிந்து, வெள்ளிப் பட்டைகளைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு எதிரில் நடந்தேன். புதிய துணி, ஒளிர்வு குறையாதது. இருபத்தைந்து தப்படி வரும்வரை “தெரியலை, தெரியலை” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மஞ்சள் விளக்கில் நீலம் மிகக் குறைவு. செட்டியார் கடைக்கு மாற்ற வருபவர் இல்லை. பழைய சோடியம் தெருவிளக்கின் கீழும் இதே நிலைதான், எல்.இ.டி. விளக்கில் நீலம் இருப்பதால் சற்றுத் தேவலை. பிறகு கறுப்புத் துணியை எடுத்துவிட்டுத் தெருக்கோடிக்குப் போய் நின்றேன். பிள்ளையார் கோயில் வாசல், நூற்று இருபது தப்படி. “தெரியுது, ரெண்டு கோடு தெரியுது!” என்று அங்கிருந்தே கத்தினார். அப்புறம் அம்மாவின் பழைய கோட்டு. அதில் பட்டையும் உதிர்ந்திருந்ததல்லவா. முப்பது தப்படியில் ஏதோ சாம்பல் நிறமாய் அசைகிறது என்றார்.

கிழக்கு வெளுக்கத் தொடங்கியதும் காட்சி தலைகீழாகிவிட்டது. வானத்தின் நீல ஒளி பரவப் பரவ, கதவும் சுவரும் வேப்பமரமும் இன்னும் சாம்பலாகவே நிற்க, புதுக் கோட்டு மட்டும் கொழுந்துவிட்டது. அந்த அரை மணி நேரமும் அதற்குப் பிந்திய பகலும் அதன் ஆட்சி. அம்மாவின் வேலையில் பாதிக்கு மேல் அதற்கு முந்திய இருட்டில் நடக்கிறது. அந்நேரத்தில் அவரைக் காப்பது நிறமன்று, பட்டை மட்டுமே. அந்தப் பட்டையை நாங்கள் துவைகல்லில் அடித்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் அன்று தெரிந்தது. பட்டை தைத்திருப்பது மார்பிலும் இடுப்பிலும், நிமிர்ந்து நிற்பவருக்கு ஏற்ற அளவில். பெருக்குகிறவர் நிமிர்ந்து நிற்பதில்லை. குனிந்தால் மார்புப் பட்டை தரையைப் பார்க்கிறது; முதுகுப் பட்டை வானத்தைப் பார்க்கிறது. பின்னால் வரும் வண்டிக்கு எதிரே இருப்பது சேலைக் கொசுவமும் கணுக்காலும்தான். அந்த அக்காவைப் பால்வண்டிக்காரர் எந்தப் பட்டையைக் கொண்டு கண்டிருக்க முடியும்?

புதிய கோட்டு கேட்டதற்கு, ஆண்டுக்கு ஒன்றுதான், இன்னும் நான்கு மாதம் இருக்கிறது என்று பதில் வந்தது. அம்மாவும் உடன் வேலை செய்யும் பெண்களும் சேர்ந்து ஒரு மனு கொடுத்தார்கள். நான்தான் எழுதினேன். கோட்டை ஆண்டுக்கு இரண்டாக்க வேண்டும் என்றும், கீழ்விளிம்பிலும் கையிலும் பட்டை வைத்துத் தர வேண்டும் என்றும், இருட்டு விலகிய பிறகு கடைவீதியைப் பெருக்க விட வேண்டும் என்றும் கேட்டிருந்தோம். பதினொரு பேர் கையெழுத்து, மூன்று பேர் கைநாட்டு. இதை எழுதும் நாள்வரை பதில் இல்லை. மாமா தையலுக்கு ஏற்ற துணிப்பட்டை ரோல் ஒன்று வாங்கி வந்தார். எதிர்வீட்டு அக்காவின் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து, பழைய கோட்டுகளின் பின்புறக் கீழ்விளிம்பைச் சுற்றியும் இரு தோளிலிருந்து கைவழியாகவும் தைத்தேன். குனிந்தபடி நின்று அம்மா அளவு காட்டினார். இப்போது கோட்டைக் கல்லில் அடிப்பதில்லை. வாளியில் அலசி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, திண்ணை நிழலில் போடுகிறோம்.

காலொடிந்த அக்கா தைப் பொங்கல் கழிந்து வேலைக்குத் திரும்பிவிட்டார். சற்று இழுத்து இழுத்து நடக்கிறார். அவருடையதையும் சேர்த்துப் பதினொரு கோட்டுகள் முடிந்தன, மூன்று பாக்கி. ரோல் தீர்ந்துவிட்டது, மதுரைக்குப் போகும்போது இன்னொன்று வாங்கி வருவதாக மாமா சொல்லியிருக்கிறார்.